சத்தம் வந்த பக்கம்

எங்கள் மேனாம்பேட்டில் ஹேமநாதனைத் தெரியாது என்று யாராவது சொன்னால், போன மாதம் வாடகைக்கு வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயது. கட்டை மீசை, மடிப்புக் கலையாத சட்டை, கையில் வெள்ளைக் கம்பு. ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்படியும் இருபத்தாறு வருஷமாக இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டுவார். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு என் மில் வாசலைக் கடப்பார். யார் கையையும் பிடித்துக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை.

நான் சுப்பராயன். தெரு மூலையில் இருக்கிற மாவு மில் என்னுடையது. காலையிலிருந்து ராத்திரி வரை மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதில் எனக்கு மெதுவாகப் பேசவே வராது. கோபமும் தொண்டைக்குத் தகுந்த அளவு உண்டு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் பெண்டாட்டி முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைச் சொன்னதற்கும் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் ஹேமநாதனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எத்தனை அடி என்று எண்ணி நடப்பீர்களா சார்?

"நீ உன் ஊட்டுக்குப் போறப்போ எண்ணிக்கினா போற?" என்று திருப்பிக் கேட்பார்.

அவருக்கு அடையாளம் இருந்தது. மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினால் ஞானகுமாரியின் டீக்கடை இஞ்சி வாசனை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கால் வைத்தால் 'டக்'கென்று ஆடுகிற கால்வாய் மூடி. அதைத் தாண்டினால் என் மில் சத்தம். மில்லை ஒட்டித் திரும்பினால் நாலாவது வீடு. மூன்றே அடையாளம், அதற்குள் அவருடைய ராஜ்ஜியம். என் மிஷின் சத்தத்தை என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். "அண்ணாத்தே, பெல்ட்டு தளர்ந்துகீது, பாரு" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார். கழற்றிப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு பயம், தங்கச்சி வரலட்சுமி. நூம்பலில் வீடு. கல்யாணம் கட்டாத அண்ணன் தனியாகக் கிடக்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பொங்கல் சீர் வாங்க வரும்போதெல்லாம் மில் வாசலில் நின்று எனக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

"ஒரு தபா உழுந்தேன்னு காதுல உழட்டும், அன்னியோட இந்த ஊட்டப் பூட்டிட்டு உன்ன இட்டுக்கினு போயிடுவேன். சொல்லிட்டேன்."

"உழுந்தா வரேம்மா" என்பார் இவர். "இருவத்தாறு வருஷமா உழல."

அவள் போன பிறகு ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னார். "அங்க கட்டிலு போட்டு வெச்சிக்கீறா. டிவி முன்னால. நல்லவதான், தங்கமா பாத்துக்குவா. ஆனா அந்த ஊர்ல எனக்கு ஒரு தெருவும் தெரியாது அண்ணாத்தே. இந்த வயசுல புதுசா கத்துக்க முடியாது. அங்க போனா கட்டிலோட சரி." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

போன புரட்டாசியில் தெருவுக்குப் பலகை வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து. நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். மாற்றுத்திறனாளிகள் எளிதாகச் செல்லும் வகையில் நடைபாதைச் சாய்தளம் அமைக்கும் பணி நடைபெறுகிறது. மாற்றுப்பாதையில் செல்லவும். சிரமத்துக்கு வருந்துகிறோம். கீழே ஓர் அம்புக்குறி.

"எனக்கோசரமா?" என்றார்.

"உனக்கும்தான். சக்கர நாற்காலில வரவங்களுக்குச் சரிவு, உன்ன மாதிரி ஆளுக்குக் கால்ல தட்டுப்படற மாதிரி மஞ்சக் கல்லு. மூலைக்கு மூல போடறாங்களாம்."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். தகரம் வழவழவென்று இருந்தது. அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் அந்த அம்பை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. முதலில் டீக்கடை. நடைபாதையை உடைக்க வேண்டும் என்று ஞானகுமாரியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். இஞ்சி வாசனை லாரிப் புகையோடு கலந்து எங்கேயோ போய்விட்டது. அடுத்த வாரம் அந்த ஆடுகிற மூடியை ஜேசிபி வந்து இரண்டாகப் பிளந்து தூக்கிப் போட்டது. எங்கள் எல்லோருக்கும் அந்த மூடி சனியன். எத்தனை பேர் கால் இடறியிருப்போம். ஒழிந்தது என்று கை தட்டினோம். ஹேமநாதன் மட்டும் அந்த இடத்தில் கம்பை வைத்துத் தேடிக்கொண்டு நின்றார்.

அதற்கும் அடுத்த வாரம் மெயின் ரோட்டுப் பக்கம் தெருவையே அடைத்துவிட்டார்கள். இனிமேல் பிள்ளையார் கோயில் பின்சந்து வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சந்து வளைந்து வளைந்து வந்து சரியாக என் மில்லுக்கு எதிரே முடியும். நானே அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். "நீ என்ன புடிக்காத. நான் உன்ன புட்ச்சிக்கிறேன்" என்று என் முழங்கைக்கு மேலே இரண்டு விரல் வைத்தார். இரண்டு தடவை போய் வந்தோம். மூன்றாவது தடவை என்னை மில்லில் போய் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக வந்தார். சுவரைக் கம்பால் தடவிக்கொண்டே வந்து, சந்து முடிந்ததும் நின்று, மில் சத்தத்துக்கு நேராக முகத்தைத் திருப்பி, தெருவைக் குறுக்கே கடந்து என் முன்னால் வந்து நின்றார். வேர்த்திருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டானுங்க அண்ணாத்தே. இனிமே எனக்கு நீ ஒருத்தன்தான்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதே பயப்பட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் நாலைந்து நாள் கழித்து மாவு வாங்க வந்த ஞானகுமாரி ஒன்று சொன்னாள். "அண்ணே, நேத்து நீங்க மில்ல நிறுத்திட்டு கல்லு கொத்திக்கினு இருந்தீங்க இல்ல? ஹேமா சார் சந்து முனையில நின்னது நின்னபடியே கீறாரு. பத்து நிமிஷம். நான் போய்த்தான் இட்டுக்கினு வந்தேன்."

"என்ன கூப்பிட வேண்டியதுதானே?"

"நீங்க இருக்கீங்கன்னு அவருக்கு எப்டித் தெரியும்ணே?"

கோதுமையைக் கொட்டி மிஷினைப் போட்டுவிட்டேன். தேய்ந்துபோன அரைக்கிற கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்குவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எட்டு மணிக்கு ஹேமநாதன் வழக்கம்போல வேலைக்குப் போனார். மேகம் கவிந்திருந்தது. முந்தின ராத்திரி ஒரு மழை பெய்து தெருவெல்லாம் செம்மண் சேறு. "ஐப்பசி வர்றதுக்குள்ள முட்ச்சிடுவானுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கள் பக்கம் மழைக்கு முந்தின மாதம்தான் தெருவைத் தோண்டுவார்கள், அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

பத்து மணிக்கு மேல் ஜேசிபி வந்து மூலையைத் தோண்டியது. என் மில் வாசலிலிருந்து பத்தடி தள்ளி. சாய்தளம் போட வேண்டுமென்றால் அங்கே இருக்கிற மழைநீர்த் தொட்டியை இறக்கிக் கட்ட வேண்டுமாம். ஐந்தடிப் பள்ளம். அடியில் ஊற்றுத் தண்ணீர் முட்டியளவு. பழைய தொட்டியின் கம்பிகள் வெட்டாமல் நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு தடுப்பு வைத்திருந்தார்கள். மத்தியானம் அதையும் வண்டியில் ஏற்றினார்கள். இருப்பது ஆறு தடுப்பு, தோண்டியது நாலு தெரு, அடுத்த தெருவில் இன்ஸ்பெக்‌ஷன் என்றான் வண்டிக்காரன். நான் கத்தினேன். வண்டி போய்விட்டது.

சரி, நமக்குத் தெரியாதா என்று நாம் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். வேப்பமரத்தில் ஒரு பெரிய கொப்பாக ஒடித்து, என் பெண்டாட்டியின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியை அதன் உச்சியில் கட்டி, பள்ளத்துக்கு முன்னால் தோண்டிப் போட்ட மண்ணில் ஆழமாக நட்டேன். காற்றில் துணி படபடவென்று ஆடியது. தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரியும். பைக்கில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். "நல்ல வேல பண்ணீங்க" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டும் போனார்கள். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். அந்தத் துணி யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. நாற்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற மனுஷன். தோன்றவில்லை.

மூன்று மணிக்கு ஜேசிபியின் பல்லில் கரெண்டு கேபிள் மாட்டி அறுந்தது. ஒரு 'டப்', அவ்வளவுதான். மிஷின் முனகிக்கொண்டே நின்றது. வரிசையில் பதினோரு டப்பா. ஒரு கல்யாண வீட்டுக்கு மிளகாய்த் தூள் பாதியில் நிற்கிறது. மிளகாய் ஓட்டின பிறகு ஒரு படி அரிசி போட்டு மிஷினைக் கழுவினால்தான் அடுத்தது அரைக்க முடியும். நாலு மணிக்கு வரும் என்றார்கள். ஐந்துக்கு வரும் என்றார்கள். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே இருந்தது.

ஐந்தரைக்கு காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஜெர்வின் பைக்கில் வந்தான். முப்பது வயது இருக்கும், தலையில் மஞ்சள் தொப்பி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி கேபிளைக் குனிந்து பார்த்தான். நான் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் பள்ளம், அதற்கும் பின்னால் தெரு, சந்து.

"யோவ், இன்னா நினைச்சிக்கினு கீற? பட்டப்பகல்ல கேபிள அறுத்துட்டு காணாம பூட்ட! என் பொழப்பு நிக்குதுய்யா!"

"சார், லைன்மேனுக்குச் சொல்லியாச்சு சார்..."

"தடுப்ப எங்கடா? அஞ்சடி நோண்டி வெச்சிட்டு தடுப்ப தூக்கிக்கினு போற! எவனாவது உழுந்தா உங்கப்பனா வருவான்?"

நான் சொன்னேன். இந்த வாயால் அதையும் சொன்னேன். தெருவே கூடிவிட்டது. எங்கள் தெருவுக்குச் சண்டை என்றால் டீ குடிக்கிற மாதிரி. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சேரச் சேர எனக்குத் தொண்டை விரிந்தது.

ஜெர்வினின் கண் என் தோளைத் தாண்டிப் போனது. கையைத் தூக்கினான். "சார், சார், ஒரு நிமிஷம், அங்க..."

"கைய நீட்டிப் பேசாத! கைய கீழ எறக்கு! நான் பேசிக்கினு கீறேன் இல்ல?"

"சார், அவரு..."

"எவரா இருந்தா எனக்கு இன்னாடா!"

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. அரிசி மூட்டையைச் சேற்றில் போட்ட மாதிரி. அப்புறம் தண்ணீர்.

திரும்பினேன். வேப்பங்கொப்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது. சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கம்பு மண்மேட்டின் மேல் கிடந்தது. பள்ளத்தில் ஹேமநாதன் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தார். இடது கை கம்பியில் கிழிந்து, அவரைச் சுற்றிச் செந்தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் கத்தவில்லை. முகத்தை மேலே தூக்கி, நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினார்.

"அண்ணாத்தே," என்றார். "நீ மில்லு வாசல்லதானே கீற?"

ஜெர்வின்தான் முதலில் குதித்தான்.

இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் வரலட்சுமி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. யாரோ சொந்தக்காரர்கள் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டெலிபோனில் பேசுகிற அதே குரல்.

"சந்து முனைக்கு வந்தேன். மில்லு சத்தம் இல்ல. கரெண்டு இல்லபோல, நிப்போம்னு நின்னேன். அப்போ அண்ணாத்தே கொரலு கேட்டுச்சு. அவரு எப்பவும் வாசல்லதானே நிப்பாரு? அந்தக் கொரல புட்ச்சிக்கினு வந்தேன். நடுவுல ஏதோ செடி கம்புல தட்டுச்சு. சரி, செடின்னு சுத்திக்கினு ஒரு அடி வெச்சேன். அவ்ளோதான்."

அதில் ஒரு சொட்டுக் கோபம் கிடையாது. யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. நான் வந்து நிற்பது அவருக்குத் தெரியாது. அவர் திட்டியிருந்தால் நான் நின்றிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். வாங்கிப்போன சாத்துக்குடியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். வரலட்சுமி பார்த்தாள்.

காண்ட்ராக்டர் ஆள் மாற்றினார். ஜெர்வினை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அந்த இடத்தில் வாயைத் திறந்து சரியாக ஒன்றைச் சொல்ல வந்தவன் அவன் ஒருத்தன்தான். சொல்ல விடாத நான் மில்லைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்துவிட்டேன்.

தை பிறந்ததும் வேலை முடிந்தது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. மூலைக்கு மூலை வழவழப்பான சரிவு. மெயின் ரோட்டிலிருந்து என் மில் வாசல் வரைக்கும் மஞ்சள் கல், மேலே குமிழ் குமிழாக. செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்காலில் தெரிகிறது. ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் கண்ணை மூடிக்கொண்டு நான் அதில் நடந்து பார்த்தேன். மில் சத்தமே தேவையில்லை. பள்ளம் இருந்த இடத்தில் இப்போது சரிவு தொடங்குகிறது.

போன வாரம் வரலட்சுமி ஒரு வேனோடு வந்தாள். வீட்டைக் காலி செய்ய. சாமான் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, கடைசியாக அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கம்பு மடியில் மடக்கிக் கிடந்தது. ஆள் பாதியாகிவிட்டார். நாற்காலி புதுச் சரிவில் சுகமாக இறங்கியது, ஒரு குலுக்கல் இல்லை. மஞ்சள் கல்லின் மேல் ஏறினபோது மட்டும் சக்கரம் கடகடவென்றது.

"இன்னாம்மா இது?" என்றார்.

"ஏதோ கல்லுண்ணா. புதுசா போட்டுக்கீறாங்க."

என் மில்லுக்கு முன்னால் வந்ததும் நிறுத்தச் சொன்னார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில்தான் நின்றிருந்தேன், அவருக்கு நாலடி தூரத்தில். கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அவர் முகத்தைத் திருப்பி, நான் நிற்கிற பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். அந்தப் பள்ளத்திலிருந்து தேடின அதே முகம். எனக்குக் குரல் வரவில்லை.

வரலட்சுமி என்னை நேராகப் பார்த்தாள். நான் நிற்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

"மில்லு ஓடுது" என்றார் ஹேமநாதன். "அண்ணாத்தே சத்தத்ததான் காணோம். எங்கியோ வெளிய போயிருப்பாரு போல. வந்தா பெல்ட்டு தளர்ந்துகீதுன்னு உள்ள கீறவங்கள சொல்லிடச் சொல்லும்மா."

அவர்கள் போன பிறகு மிஷினை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது.